வெளி டென்ஷனை வீட்டுக்குள் பேசுவது எப்படி? புதுமணத் தம்பதிகளுக்கு ஒரு வழிகாட்டி

இரவு எட்டரை மணிக்குச் சாம்பாரில் உப்பு கூடிப்போனதற்காக நடக்கும் சண்டைக்குச் சாம்பார் காரணமாக இருப்பது அபூர்வம். காலையில் தவறவிட்ட மின்சார ரயில், மதியம் எல்லார் முன்னாலும் மேனேஜர் கேட்ட கேள்வி, ஐந்தாம் தேதி கழியவேண்டிய வீட்டுக்கடன் தவணை, இவையெல்லாம் வாசலில் செருப்போடு கழன்றுவிடுவதில்லை. உள்ளே வந்து கையில் அகப்பட்டவர் மேல் இறங்குகின்றன. வீட்டில் முதலில் அகப்படுபவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

"மனசு விட்டுப் பேசுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதிதான் சரி. கொட்டித் தீர்ப்பதால் மட்டும் உறவில் நிறைவு வருவதில்லை. ஒருவர் தன் நெருக்கடியைச் சொல்ல, மற்றவர் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தம்பதிகள் நெருக்கடியைச் சேர்ந்து சமாளிப்பதற்கும் உறவு நிறைவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 57 ஆய்வறிக்கைகளை ஒன்றுதிரட்டி 2015-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. அதில் கிடைத்த ஒட்டுறவு எண் 0.45. சம்பந்தமே இல்லையென்றால் 0, ஒன்றோடொன்று பிசகாமல் நகர்ந்தால் 1 என்ற அளவுகோலில், மனித உறவுகளைப் பொறுத்தவரை இது கணிசமான எண். ஏற்கெனவே சந்தோஷமாக இருப்பவர்கள் நன்றாகப் பேசிக்கொள்வதும் இதில் கலந்திருக்கும். ஆகவே இதை மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பழகவேண்டிய வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழே சொல்லும் முறைக்கு அடிப்படை, சூரிச் பல்கலைக்கழக உளவியலாளர் போடன்மன் தம்பதிகளுக்கான பயிற்சியில் கையாளும் மூன்று கட்ட உரையாடல். ஒருவர் சொல்வது, மற்றவர் ஆதரவு தருவது, கடைசியில் அந்த ஆதரவு எப்படி இருந்தது என்று முதலாமவர் சொல்வது. பயிற்சி வகுப்பில் முதல் கட்டத்துக்கே அரை மணி நேரம் போல ஆகும். வேலை நாள் இரவில் நம் வீடுகளில் அது நடக்காது. 15 நிமிடம் கேட்பது, 5 நிமிடம் ஆதரவு, 2 நிமிடம் மார்க் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மூன்று நாள் போதும். செலவு, நாற்பது பக்க நோட்டு ஒன்று.

ஒரு முன்னெச்சரிக்கை. அடி, மிரட்டல், போனைப் பிடுங்குவது, சம்பளத்தைப் பறிப்பது இவை நடக்கும் வீட்டில் இந்த முறையைத் தொடங்காதீர்கள். அங்கே நீங்கள் மனம் திறந்து சொல்வது உங்களுக்கு எதிராகவே திரும்பும். நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

1. எந்த டென்ஷன் என்று முதலில் பிரியுங்கள்

மூன்று கூடை வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே பிறந்தது: ஆபீஸ், டிராஃபிக், பரீட்சை, கடன், அப்பாவின் சர்க்கரை நோய்.

நமக்குள் பிறந்தது: யார் பாத்திரம் தேய்ப்பது, சொல்லாமல் தம்பிக்குக் கொடுத்த இருபதாயிரம்.

ரெண்டுங்கெட்டான்: மாமியார் சொன்ன ஒரு சொல், நாத்தனார் கல்யாணச் செலவு. மனைவிக்கு இது வெளிப் பிரச்சினை. கணவருக்கோ அது அம்மா, தங்கை.

எந்தக் கூடை என்று குழப்பம் வந்தால் ஒரு கேள்வி போதும்: "இது தீர, எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஏதாவது மாற்றிக்கொள்ள வேண்டுமா?" ஆமாம் என்றால் அது இரண்டாம் கூடை. இந்த முறை முதல் கூடைக்கு மட்டும்தான். இரண்டாம் கூடையைச் சனிக்கிழமை காலை, வயிறு நிறைந்தபின் தனியாக எடுங்கள். மூன்றாம் கூடையை முதல் ஒரு மாதம் தொடவே வேண்டாம்.

பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு குலைவது இந்த இடத்தில்தான். மேனேஜரைப் பற்றி ஆரம்பித்த பேச்சு ஏழாவது நிமிடத்தில் "நீங்களும் அவரை மாதிரிதான், சொன்னா கேக்கவே மாட்டீங்க" என்று திரும்பும். அதற்குப் பிறகு கேட்பவர் கேட்கமாட்டார், வக்கீலாகிவிடுவார். அப்படித் திரும்பும்போது இருவரில் யார் கவனித்தாலும் "அது சனிக்கிழமைக்கு" என்று மட்டும் சொல்லி நோட்டின் பின்பக்கம் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். குறித்ததைச் சனிக்கிழமை கட்டாயம் எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் "சனிக்கிழமைக்கு" என்பது வாயை அடைக்கும் வார்த்தை ஆகிவிடும்.

முதல் இரண்டு வாரம் பத்துக்கு மூன்று, நான்கு மார்க் பெறும் சிறிய தொல்லைகளையே எடுங்கள். வேலை போகும் பயம், கரு கலைந்த துக்கம் போன்றவற்றை வைத்துப் பழகக்கூடாது. நீச்சல் பழகுபவர் கடலில் ஆரம்பிப்பதில்லை.

2. நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

வீட்டுக்குள் நுழைந்தவுடன் "என்ன ஆச்சு, ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்பது அன்பாகத் தோன்றும். வேலை செய்யாது. விமான நிலையக் கட்டுப்பாட்டு அறை ஊழியர்களின் குடும்பங்களை வைத்து ரேனா ரெப்பெட்டி என்ற ஆய்வாளர் 1989-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வேலைப் பளு கூடிய நாள்களில் அவர்கள் வீட்டில் ஒதுங்கியே இருந்தார்கள். ஒதுங்குவதற்குத் துணைவர் இடம் கொடுத்த வீடுகளில் கோபம் வெடிப்பது குறைந்தது. எனவே வந்தவருக்கு இருபது முதல் முப்பது நிமிடம் விடுங்கள். குளியல், காபி, சும்மா ஜன்னலோரம் நிற்பது, எதுவானாலும் சரி. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் இரண்டு பேருக்கும் அந்த அரை மணி வேண்டும். ஒருவருக்குக் குளியலும் மற்றவருக்கு அடுப்பும் என்றால் கணக்கு ஆரம்பத்திலேயே தப்பு.

சாப்பிட்டு முடித்து, படுக்கைக்கு முந்திய முக்கால் மணி நேரத்தில் பேசுவது பெரும்பாலானோருக்கு ஒத்துவரும். பத்தரைக்கு மேல் வேண்டாம். விளக்கை அணைத்தபின் ஆரம்பிக்கும் பேச்சு, தூக்கத்தைக் கெடுத்து மறுநாளுக்கும் டென்ஷனை மிச்சம் வைக்கும். பைக்கில் ஹெல்மெட்டோடு, கிரிக்கெட் ஓடும்போது, குழந்தை கேட்டுக்கொண்டிருக்கும்போது, வாட்ஸ்அப் குரல் பதிவில், இந்த நான்கும் கூடாது.

இடம்தான் பெரிய சிக்கல். ஒற்றை படுக்கையறை வீட்டில் மாமனார் மாமியாரோடு இருப்பவர்கள் ஹாலில் உட்கார்ந்து இதைச் செய்யமுடியாது. மொட்டை மாடி இருந்தால் நல்லது. இல்லையென்றால் "தயிர் வாங்கிட்டு வரோம்" என்று சொல்லித் தெருவைச் சுற்றி ஒரு நடை. முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுபவர்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் நடந்தபடி பேசுவது இன்னும் சுலபம். இரண்டு பேரின் போனும் வீட்டிலேயே இருக்கட்டும். நேரம் பார்க்கக் கைக்கடிகாரம் போதும்.

இன்னொன்று. அவர் பாத்திரம் தேய்த்தபடி பேச, இவர் சோபாவிலிருந்து "ம்ம்" கொட்டுவது இந்தப் பேச்சில் சேராது. பாத்திரத்தைச் சேர்ந்து முடித்துவிட்டு வாருங்கள்.

3. ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி: காதா, யோசனையா, கையா?

கேட்பவர் முதலில் கேட்கவேண்டியது இதுதான்: "உனக்கு இப்ப காது வேணுமா, யோசனை வேணுமா, கை வேணுமா?"

காது என்றால் கேட்டால் போதும். யோசனை என்றால் வழி சொல்லலாம். கை என்றால் ஏதோ ஒரு வேலையை வாங்கிக்கொள்ளவேண்டும். பேசுபவர் சொல்வதுதான் தீர்ப்பு. தெரியவில்லை என்று சொன்னால் காதிலிருந்து தொடங்குங்கள், நடுவில் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் சில நாள் இதைக் கேட்க நாடகம் போல இருக்கும். சிரிப்பு வரும். பரவாயில்லை, சிரித்துக்கொண்டே கேளுங்கள். காது கேட்டவருக்கு யோசனை கொடுப்பதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு. நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறு என்பதால் சுட்டிக்காட்டினால் கோபமும் வரும்: "உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்!"

4. பேசுபவர் செய்யவேண்டியது

ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுங்கள். "ஆபீஸே சரியில்ல" என்பதைக் கேட்பவரால் பிடித்துக்கொள்ள முடியாது. "இன்னிக்கு பதினொரு மணி மீட்டிங்ல நான் பேச ஆரம்பிச்சதும் அவர் லேப்டாப்ப மூடிட்டார்" என்பதைப் பிடித்துக்கொள்ளலாம். எப்போது, எங்கே, யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லுங்கள். பிறகு அந்த நிமிடம் உடம்பில் என்ன நடந்தது, மனதில் எந்த வாக்கியம் ஓடியது என்று சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் கடினம், அதற்குத்தான் பதினைந்து நிமிடம்.

"ஒண்ணுமில்ல" என்ற சொல்லை ஒழித்துவிடுங்கள். முகம் தொங்கியிருக்க வாய் மட்டும் ஒண்ணுமில்லை என்றால், எதிரில் இருப்பவர் தானே காரணமோ என்று தேட ஆரம்பிப்பார். அதற்குப் பதில்: "ஒண்ணு இருக்கு. உன்னால இல்ல. ஒன்பது மணிக்குச் சொல்றேன்." இந்த மூன்று துண்டு வாக்கியம் எத்தனையோ இரவுகளைக் காப்பாற்றும். நடுவில் உள்ள "உன்னால இல்ல" முக்கியம், அதை விழுங்காதீர்கள்.

பாத்திரத்தை ஓங்கி வைப்பது, கதவைச் சாத்துவது, பெருமூச்சு, இவற்றைச் செய்தியாக நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. எதிரில் இருப்பவர் அதைத் தன்மேல் வந்த கோபமாகத்தான் மொழிபெயர்ப்பார். ஆண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: "வெளி விஷயத்த வீட்டுக்குக் கொண்டு வரமாட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள், வார்த்தையைத்தான் வெளியில் விடுகிறார்கள். முகமும் குரலும் கூடவே வீட்டுக்கு வந்துவிடுகின்றன.

5. கேட்பவர் செய்யவேண்டியது

வேலையின் பெரும்பகுதி இங்கேதான். ஓர் உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மனைவி வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருக்கிறார், எட்டு வருட அனுபவம். காதுதான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

முதலில் கெட்டுப்போகும் விதம்:

"இன்னிக்கு மேனேஜர் எல்லார் முன்னாடியும் என் டார்கெட் ஷீட்டக் காட்டி, இப்படியே போனா மார்ச்சுக்கு என்ன பண்ணப்போறீங்கன்னு கேட்டார்."

"அதான் அப்பவே சொன்னேன்ல, அந்த பிராஞ்சுக்கு மாத்திக்காதன்னு. ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டுவிடு."

"சரி விடுங்க. படுக்கலாம்."

இருபது விநாடி. மேலே பார்த்தால் சண்டை எதுவும் இல்லை. ஆனால் அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். இனி நடக்கவேண்டிய விதம்:

"எல்லார் முன்னாடியுமா? யார் யார் இருந்தாங்க?"

"கேஷியர், ரெண்டு புதுப் பசங்க, நகை வைக்க வந்த ஒரு கஸ்டமர் வேற."

"அந்த நேரம் உனக்கு எப்படி இருந்தது?"

"கோவம்னு சொல்ல முடியல. மூஞ்செல்லாம் சூடாயிடுச்சு. அந்தப் பசங்களுக்கு வேலை கத்துக்குடுத்ததே நான்தான்."

"நீ கத்துக்குடுத்தவங்க முன்னாடியே..."

"ஆமாங்க. எட்டு வருஷம் வேலை பாத்தும் எனக்குன்னு ஒரு மரியாதை இல்லாத மாதிரி ஆயிடுச்சு."

கணவர் பேசியது மூன்றே முறை. அதில் ஒன்று, அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னது. மேலே கிடந்தது டார்கெட், அடியில் கிடந்தது மரியாதை. ஹெச்ஆர் மெயில் டார்கெட்டுக்கான மருந்து, வலி வேறு இடத்தில். பயிற்சியாளர்கள் இதைப் புனல் என்பார்கள்: அகலமான மேல்பக்கத்தில் நிகழ்ச்சி, நடுவில் உணர்ச்சி, குறுகிய அடிவாயில் அந்த நிகழ்ச்சி அவருக்கு என்ன அர்த்தம் என்பது. அடிவாய்க்கு வருவதற்கு முன் யோசனை சொன்னால் புனலை அடைத்த மாதிரி.

கேள்விகளை "என்ன", "எப்படி", "அப்புறம்" என்று வையுங்கள். "ஏன்" வேண்டாம். "நீ ஏன் பதில் சொல்லல?" என்பது கேள்விக்குறி போட்ட குற்றச்சாட்டு. நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நீங்கள் புரிந்துகொண்டதை ஒரே வரியில் சொல்லிச் சரியா என்று கேளுங்கள். தப்பாகப் புரிந்திருந்தாலும் நஷ்டமில்லை, அவர் திருத்துவார், திருத்தும்போது இன்னும் கொஞ்சம் சொல்வார்.

பேச்சை அந்த இடத்திலேயே கொல்லும் பதில்கள் சில:

"இதெல்லாம் ஒரு விஷயமா?" சொன்னவருக்குத் தன் உணர்ச்சியே தப்பு என்று தோன்றிவிடும்.

"எங்க ஆபீஸ்ல மட்டும் தேனா ஓடுது?" பேச்சு போட்டியாகும், யார் அதிகம் கஷ்டப்படுகிறார் என்று.

"அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல." இருக்கலாம். அதை இன்று இரவு சொல்லவேண்டியதில்லை. காது கேட்டவருக்கு முதலில் வேண்டியது பக்கத்தில் நிற்கும் ஆள். நியாயம் மறுநாள் சொன்னாலும் கெட்டுப்போகாது.

"ம்ம்... ம்ம்..." கண் போனில். ஆய்வாளர்கள் இதையும் எதிர்மறை ஆதரவு என்றே வகைப்படுத்துகிறார்கள். குத்தலாகப் பேசிக்கொண்டே உதவுவது ஒரு வகை, வேண்டாவெறுப்பாக உதவுவது இன்னொரு வகை, மேலோட்டமாகக் கேட்பது மூன்றாவது. கேட்காமலே இருப்பதைவிட இந்த மூன்றும் கசப்பை அதிகமாக்கும், சொல்லத் துணிந்தவருக்கு அவமானமும் சேர்ந்துவிடுவதால்.

6. ஆதரவு ஐந்து நிமிடம், மார்க் இரண்டு நிமிடம்

பதினைந்து நிமிடம் முடிந்ததும் கேட்டவரின் முறை. காது கேட்டிருந்தால், அவர் சொன்னதிலிருந்தே ஒரு விவரத்தை எடுத்து உங்கள் மரியாதையைச் சொல்லுங்கள். "நீ ரொம்ப ஸ்ட்ராங்" என்பது பொதுவானது, காற்றில் போகும். "கஸ்டமர் நிக்கும்போது அவமானத்த அடக்கிட்டு அந்த நகைய எடை போட்டு முடிச்சியே, நானா இருந்தா எழுந்து வந்திருப்பேன்" என்பது நிற்கும். யோசனை கேட்டிருந்தால் இரண்டுக்கு மேல் சொல்லாதீர்கள், எது ஒத்துவரும் என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

கை கேட்டிருந்தால் தெளிவாக வாங்குங்கள்: "நாளைக்கும் நாளன்னைக்கும் காலை டிபன் என்னோடது." தேதி இல்லாத உதவி உதவியே இல்லை. வாங்கிய வேலையை "இட்லி மாவு எங்க இருக்கு?" என்று கேட்டுக்கேட்டுச் செய்தால் வேலை திரும்ப அவர் தலையில்தான்.

சொல்லாமல் செய்யும் உதவிக்கும் ஒரு தனி மதிப்பு உண்டு. நியூயார்க் வக்கீல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்கள் துணைவர்களையும் தினம் குறிப்பெழுத வைத்து நயல் போல்ஜர் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், துணைவர் உதவினார் ஆனால் தேர்வு எழுதுபவர் அதைக் கவனிக்கவில்லை என்ற நாள்கள்தான் நன்றாக அமைந்தன. உதவி கண்ணில் பட்டபோது "நம்மால் முடியவில்லை போல" என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. கேஸ் புக் செய்துவிட்டேன், துணி மடித்துவிட்டேன் என்று அறிவிப்பு வேண்டாம் என்பதற்கு இதுவே போதும்.

பிறகு மார்க். பேசியவர் இரண்டே விஷயம் சொல்லவேண்டும்: பத்துக்கு எவ்வளவு உதவியாக இருந்தது, இன்னும் என்ன செய்திருந்தால் ஒரு மார்க் கூடியிருக்கும். "ஆறு. நடுவுல ஹெச்ஆர்னு சொன்னப்ப கொஞ்சம் சுருக்குன்னு இருந்தது. கையப் புடிச்சது நல்லா இருந்தது." மார்க் வாங்கியவர் வாதாடக்கூடாது, "சரி" மட்டும். வெட்கப்பட்டு எல்லாரும் விட்டுவிடும் பகுதி இது. விட்டுவிட்டால் கேட்பவர் எத்தனை மாதம் ஆனாலும் அதே தவறைச் செய்துகொண்டிருப்பார்.

அன்றே முறை மாற்றவேண்டாம். இன்று அவர், அடுத்த நாள் இவர். ஒரே இரவில் இரண்டு பேரும் பேசினால் முதலில் பேசியவரின் விஷயம் அடிபட்டுப் போகும்.

7. சூடேறினால்

குரல் உயர்கிறதா, மூச்சு முட்டுகிறதா, மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பதினைந்து விநாடி எண்ணுங்கள். இருபத்தைந்தைத் தாண்டினால் நிமிடத்துக்கு நூறுக்கு மேல். தம்பதிகளின் சண்டையை ஆய்வகத்தில் பல ஆண்டு அளந்த ஜான் காட்மன் சொல்வது, இந்த நிலையில் காதில் விழுவது மூளையில் ஏறாது, உடம்பு அடங்கக் குறைந்தது இருபது நிமிடம் வேண்டும்.

எழுந்து போகும்போது திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்: "ஒன்பதே முக்காலுக்கு வரேன்." நேரம் சொல்லாமல் போனால் அது கைவிட்டுப் போவதாகத்தான் படும். அந்த இருபது நிமிடத்தில் "அவள் இப்படிச் சொன்னால் நான் இப்படிச் சொல்வேன்" என்று மனதில் ஒத்திகை பார்த்தால் நாடி இறங்காது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், மடிக்காத துணி இருந்தால் மடியுங்கள்.

8. ஒரே விஷயம் மூன்றாவது இரவும் வந்தால்

பேசப்பேசப் பாரம் ஏறும் பேச்சும் உண்டு. ஒரே மேனேஜர், ஒரே கதை, இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவது. நெருக்கம் கூடுகிற மாதிரி இருக்கும், ஆனால் படுக்கப்போகும்போது மனம் இன்னும் கனத்திருக்கும். அதனால் மூன்று இரவு விதி: ஒரே விஷயம் மூன்றாவது முறை வந்தால் அது கேட்கும் பேச்சிலிருந்து வெளியே போகவேண்டும். சனிக்கிழமை ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, நம் கையில் இருப்பது இடப்பக்கம், இல்லாதது வலப்பக்கம் என்று எழுதுங்கள். இடப்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து, யார், எந்தத் தேதிக்குள் என்று குறியுங்கள். இடப்பக்கம் காலியாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். அப்போது வேண்டியது தீர்வு அல்ல, ஓய்வு.

நல்ல செய்தி வரும் நாளையும் விடாதீர்கள். ஷெல்லி கேபிள் குழுவின் 2004 ஆய்வு, நல்ல செய்திக்குத் துணைவர் ஆர்வத்தோடு பதில் கொடுப்பதும் உறவு நிறைவோடு சேர்ந்தே வருவதைக் காட்டியது. இன்கிரிமென்ட் வந்ததைச் சொன்னால் "எவ்வளவு? பிடித்தம் போக?" என்று ஆரம்பிக்காமல், "எப்ப சொன்னாங்க, நீ என்ன சொன்ன?" என்று ஆரம்பியுங்கள். பிடித்தம் எங்கும் ஓடிவிடாது.

9. ஊருக்கு ஊர் இருப்பவர்கள்

நேரத்தைக் கணக்குப் போட்டு எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். சென்னையில் இரவு 10 மணி என்றால் துபாயில் 8.30, ரியாத்தில் 7.30, சிங்கப்பூரில் நள்ளிரவு 12.30. வளைகுடாவில் இருப்பவரோடு இரவு ஒத்துவரும். சிங்கப்பூரில் இருப்பவரோடு சென்னை நேரம் 7 மணியைத் தாண்டக்கூடாது.

குரல் அழைப்பு போதும், வீடியோ கட்டாயமில்லை. அறையில் நாலு பேரோடு தங்கியிருப்பவர் வெளியே நடந்தபடி பேசட்டும். "அங்க தனியா இருக்கியா?" என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தூரத்தில் இருப்பவரிடம் பேசுவதில் தனி ஆபத்து, கவலைப்படுவார் என்று மறைப்பது. ஆஸ்பத்திரி விஷயம் மூன்றாம் மனிதர் வாயால் போய்ச் சேர்ந்தால், அதன்பின் நீங்கள் "நல்லா இருக்கோம்" என்று சொல்வதை அவர் நம்பமாட்டார்.

10. நோட்டில் என்ன எழுதுவது

நாலே பத்தி: தேதி, பேசியது யார், கேட்டது காதா யோசனையா கையா, மார்க். என்ன பேசினோம் என்பதை எழுதவே எழுதாதீர்கள். அந்த நோட்டு மாமியார் கையிலோ வருங்காலச் சண்டையிலோ சாட்சியாக மாறக்கூடாது.

நாலு வாரத்தில் பன்னிரண்டு வரி சேரும். இரண்டு விஷயம் பாருங்கள். மார்க் ஏறுகிறதா? பேசியது இருவருமா, ஒருவர் மட்டுமா? பன்னிரண்டில் பத்து ஒரே ஆள் என்றால், மற்றவர் ஒன்று மறைக்கிறார், அல்லது எப்போதும் தாங்கும் ஆளாகவே ஆகிவிட்டார். இரண்டுமே பேசவேண்டிய விஷயம், சனிக்கிழமைக் கூடைக்கு.

11. இது போதாதபோது: ஆவணம், செலவு, நேரம்

நாலு வாரம் உண்மையாகச் செய்தும் மார்க் நாலைத் தாண்டவில்லை, அல்லது ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலையில் நாட்டம் எல்லாம் போய்விட்டது என்றால் வெளி உதவிக்குப் போங்கள். ஒருவரின் மனச்சோர்வை இன்னொருவரின் காதால் குணப்படுத்த முடியாது.

இலவசமாகத் தொடங்க: மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ், எண் 14416. இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், அரை நாள் லீவு போட்டுக்கொண்டு. அடி, மிரட்டல் இருந்தால் பெண்கள் 181, அவசரத்துக்கு 112.

கம்பெனியில் வேலை செய்பவர்கள் ஹெச்ஆர் தளத்தில் ஊழியர் நலத் திட்டத்தைத் தேடுங்கள். சில கம்பெனிகளில் வருடத்துக்குச் சில கவுன்சிலிங் அமர்வுகள் இலவசம், பலருக்கு அது இருப்பதே தெரியாது. துணைவருக்கும் உண்டா, பேசுவது ஹெச்ஆருக்குப் போகுமா, இந்த இரண்டையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தனியார் என்றால் ஊருக்கும் ஆளுக்கும் தக்கபடி கட்டணம் பெரிதும் மாறும். பெருநகரங்களில் ஓர் அமர்வுக்கு ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வரை கையில் வைத்துக்கொண்டு விசாரியுங்கள். ஓர் அமர்வு என்பது பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடம். முதல் சந்திப்பில் முழுவதும் கேள்விதான் இருக்கும், "ஒண்ணுமே சொல்லலையே" என்று அதோடு நின்றுவிடாதீர்கள். ஆறு அமர்வுக்கான பணத்தை ஒதுக்கிவிட்டுத் தொடங்கினால் பாதியில் விடவேண்டியிருக்காது. மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்தவரை, மனநோய்க்கு உடல்நோயைப் போலவே காப்பீடு தரவேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் தம்பதிகளுக்கான கவுன்சிலிங் நோய் சிகிச்சைக்குள் வராது, புறநோயாளிச் செலவைப் பல பாலிசிகள் ஏற்பதுமில்லை. கைக்காசு என்றே கணக்குப் போடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை குறைவு: அடையாள அட்டை, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, தைராய்டு அல்லது சர்க்கரை ரிப்போர்ட் இருந்தால் அது, உங்கள் நாலு பத்தி நோட்டு. கல்யாணப் பதிவுச் சான்றிதழ் தேவையில்லை. ஜாதகமும்தான்.

போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே நாலு கேள்வி கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் என்ன? தம்பதிகளைச் சேர்த்துப் பார்த்த அனுபவம் உண்டா? ஒருவர் தனியாகச் சொல்வதை மற்றவரிடம் சொல்வீர்களா, மாட்டீர்களா? அப்பாயின்ட்மென்ட்டை மாற்றினால் பணம் போகுமா? முதல் கேள்விக்கே இழுத்தால் வேறு இடம் பாருங்கள். பலகையில் கவுன்சிலர் என்று எழுத யாருக்கும் கை கூசுவதில்லை. துணைவர் வரமாட்டேன் என்றால் தனியாகவே முதல் அமர்வுக்குப் போகலாம். அதையும் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், இரண்டு பேருக்கான கட்டணத்தை ஒருவருக்குப் போடாமல் இருப்பார்கள்.